பிறர் பணத்தில் எழுந்த பேரரசு: ராமகிருஷ்ண டால்மியாவின் வாழ்க்கை

சால்ட் லேக் (கொல்கத்தா): பங்குகளை வாங்கி நிறுவனங்களைக் கைப்பற்றுவதில் பெயர் பெற்றவர் கொல்கத்தாவில் வளர்ந்த தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா. ஆயுள் காப்பீடு அரசுடைமையானதற்கு அவரது வீழ்ச்சியும் ஒரு காரணமாகும்.

ராஜஸ்தானின் சிராவாவில் 1893-ஆம் ஆண்டு பிறந்த அவர், 22 வயதில் தந்தையை இழந்து குடும்பப் பொறுப்பை ஏற்றார். வெள்ளி ஊக வணிகத்தில் முதலில் கடனாளியானவர், பின்னர் அதே வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். 1930-களில் பிகாரில் சர்க்கரை ஆலையில் தொடங்கி சிமென்ட், காகிதம், வங்கி, காப்பீடு எனத் தொழிலை விரிவுபடுத்தினார்.

டால்மியா குழுமத்தின் சிமென்ட் ஆலை திருச்சி அருகே கல்லக்குடியிலும் அமைந்தது. அவ்வூருக்கு டால்மியாபுரம் எனப் பெயரிட்டதை எதிர்த்து 1953-இல் திமுக போராட்டம் நடத்தியது. தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்த மு. கருணாநிதி சிறை சென்றார்.

டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனத்தை 1946-இல் சுமார் 2 கோடி ரூபாய்க்கு டால்மியா வாங்கினார். தாம் தலைவராக இருந்த வங்கி மற்றும் காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை இதற்குப் பயன்படுத்தியதாக அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1955 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி, டால்மியா நிறுவனங்களின் முறைகேடுகளை அவையில் அம்பலப்படுத்தினார்.

அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-இல், ஆயுள் காப்பீட்டுத் தொழிலை மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் தன் வசமாக்கியது. 245 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி எல்ஐசி உருவானது.

டால்மியா நிறுவனங்களை விசாரிக்க 1956-இல் அமைக்கப்பட்ட ஆணையத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், ஆணையம் செல்லும் என 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு குறித்து இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. பின்னர் நீதிபதி விவியன் போஸ் தலைமையில் அவ்வாணையம் விசாரணையை நிறைவு செய்தது.

பங்குச் சந்தை ஊக வணிக நட்டத்தை ஈடுகட்ட பாரத் இன்சூரன்ஸ் நிறுவன நிதியைத் திருப்பிவிட்ட வழக்கில் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனை உச்ச நீதிமன்றம் 1962-இல் உறுதி செய்தது. நாளிதழ் நிறுவனம் மருமகன் சாந்தி பிரசாத் ஜெயின் குடும்பத்தின் வசமானது.

டால்மியா 1978-இல் காலமானார். அவர் எழுப்பிய ஆலைகளைக் காட்டிலும், பாலிசிதாரர் செலுத்தும் பிரீமியம் நிர்வாகியின் சொந்தப் பணமன்று என்று அவரது வழக்கு நிலைநாட்டிய பாடமே நாட்டுக்கு நெடுங்காலம் பயன்படுகிறது.