கமகத்துக்கு வரிவடிவம் தந்தவர்

பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்னும் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால், துணியில் அமைய வேண்டிய பூவேலையைப் பல்லடத்து நெசவாளர் அறிய இயலாது. சுரங்களை மட்டும் எழுதி வைத்தால் இராகத்தின் உருவமும் அவ்வாறே மறைந்துவிடும். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் அழுத்தியும் இசைக்கும் கமகமே கருநாடக இசைக்கு உயிர். அக்கமகத்தை ஏட்டில் பதிவு செய்த பெருமை சுப்பராம தீட்சிதரைச் சாரும்.

1839-ஆம் ஆண்டு பிறந்த இவர், முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதருடைய மகள்வழிப் பேரர். பாட்டனாரே இவரை மகனாகத் தத்தெடுத்து, வீணையும் குடும்பக் கீர்த்தனைகளும் கற்பித்தார். பின்னர் இவர் எட்டயபுரம் அரசவையின் இசைப்புலவராக விளங்கினார்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவருடைய கீர்த்தனைகள் செவிவழியாகவே வாழ்ந்துவந்தன; கற்றவர் மறைந்தால் அவையும் மறையும் நிலை இருந்தது. இதனை உணர்ந்து வருந்தியவர் சென்னையில் அரசுப் பணியாற்றிய ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறித்தவரான அவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறி முறையில் அச்சிட்டு வந்தார். கண்பார்வை மங்கிய நிலையிலும், சுப்பராம தீட்சிதர் தாம் அறிந்தவற்றை நூலாக்க வேண்டுமென அவர் வற்புறுத்தினார். குடும்பச் செல்வத்தைப் பொதுவில் வைக்க முதலில் தயங்கிய தீட்சிதர், எட்டயபுரம் அரசரின் விருப்பத்திற்கிணங்கி முதுமையில் அப்பணியை மேற்கொண்டார்.

அதன் பயனாக 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' எட்டயபுரம் வித்யாவிலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. அதில் சுர எழுத்துகளோடு கமகக் குறிகளும் இடம்பெற்றன. சுரத்தை அசைக்கும் கம்பிதத்திற்கு நெளிகோடு. மேலேறி வழுக்கும் ஏற்ற ஜாருவிற்கும் கீழிறங்கி வழுக்கும் இறக்க ஜாருவிற்கும் எதிரெதிர்ச் சாய்கோடுகள். நொக்கு, ஒதுக்கல் முதலிய வீணை நுட்பங்களுக்கும் தனித்தனி அடையாளங்கள்.

இக்குறிகள் கீர்த்தனைகளை இயற்றியவர் எழுதி வைத்தவை அல்ல என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். தம் மரபில் கேட்டுப் பயின்ற முறையைப் பதிப்பாசிரியர் குறித்துக் காட்டியவை அவை. அதே கீர்த்தனையை வேறு மரபினர் வேறு வகையில் இசைப்பதும் உண்டு. அசைவின் அளவையும் விரைவையும் எந்தக் குறியும் முழுமையாக உணர்த்தாது. ஆதலின், ஏட்டைக் கையில் வைத்திருப்பவருக்கும் ஆசிரியரின் துணை தேவைப்படுகிறது.

நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1906-இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அந்நூலைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டது. பாட்டனாரின் வீணையில் அவர் கேட்ட அசைவுகளை, அந்த நெளிகோடுகளின் துணைகொண்டு இன்றைய மாணவரும் தேடிப் பயில்கின்றனர்.