மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்கள்

புலமைக்கு அரசும் ஆதீனமும் அளிக்கும் பட்டங்கள் ஒருவருடைய நெடுநாட் பணியை உலகிற்கு அறிவிப்பன. ஆயினும், அவர் அவற்றைப் பெற்றபின் ஒழுகும் முறையே அப்பட்டங்களின் தகுதியை நிலைநிறுத்துவதாம். உத்தமதானபுரம் வே. சாமிநாதையரவர்கள் வரலாறு இதற்குத் தக்க சான்றாதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சங்கீத வித்துவான் வேங்கடசுப்பையரவர்களுக்குப் புதல்வராய்த் தோன்றினார்கள். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876-இல் அப்பெரியார் சிவபதம் எய்துங்காறும் பாடங்கேட்டார்கள். மகாவித்துவான் என்னும் பட்டத்தைப் பிள்ளையவர்களுக்கு அளித்தவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்து அம்பலவாண தேசிகரவர்கள். அத்துணைச் சிறப்புப் பெற்றும் பிள்ளையவர்கள் பொருள் முட்டுப்பாட்டினின்று நீங்கினாரல்லர். பட்டம் வேறு, வாழ்வு வேறு என்பதனை மாணாக்கர் இளமையிலேயே கண்டறிந்தனர்.

ஆசிரியர் மறைந்தபின் சுப்பிரமணிய தேசிகரவர்கள் இவர்களை ஆதீனத்தில் வைத்துக் கற்பித்து ஆதரித்தார்கள். 1880-இல் தியாகராச செட்டியாரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவியை இவர்களுக்குக் கிடைக்கச் செய்தார்கள். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள் சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டோ என வினவ, ஐயரவர்கள் அந்நூலாராய்ச்சியிற் புகுந்தார்கள். சைவ ஆதீனத்திற் பயின்றவர் சமண நூலைப் பதிப்பித்தல் தகுமோ என்றாரும் உளர். ஐயரவர்களோ கும்பகோணத்துச் சைனர்களையே அடுத்து அவர்தம் கொள்கைகளைக் கேட்டுத் தெளிந்தார்கள். பிறர் கொள்கையை அவர் கூறுமாறே முதற்கண் அறிதல் சிவஞானசித்தியார்ப் பரபக்கம் கற்றார்க்குப் புதிதன்று. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் தொடர்ந்தன. செல்லரித்த ஏடுகளை ஊர்தோறும் தேடியலைந்த உழைப்பின் பயன் இவை.

1906-இல், சென்னை மாகாணக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த காலத்து, அரசாங்கத்தார் இவர்களுக்கு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் நல்கினர். பெரும்பாலும் வடமொழி வல்லார்க்கே வழங்கிவந்த அச்சிறப்புத் தமிழ்ப்புலமை கருதி அளிக்கப்பெற்றமையின் தமிழன்பர் யாவரும் களித்தனர். சுப்பிரமணிய பாரதியார் பாடல்கள் இயற்றி வாழ்த்தினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் டாக்டர் பட்டம் அளித்தனர்.

இச்சிறப்புக்களாற் பணி தளர்ந்திலது. பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடற்புராணம் 1906-ஆம் ஆண்டிலேயே இவர்களாற் பதிப்பிக்கப்பெற்றது. குறுந்தொகை வெளிவந்த 1937-இல் இவர்களுக்கு வயது 82. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தம் பட்டத்தையேனும் பெயரையேனும் இட்டாரல்லர். பதவி தந்த நன்றி மறவாது தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்கள். ஆசிரியருடைய சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார்கள். தமக்கு வந்த புகழைத் தம்மை ஆக்கினார் திருவடியிற் சேர்த்த செயல்கள் இவை என்க.

போர்க்காலத்திற் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்த ஐயரவர்கள் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஆண்டுச் சிவபெருமான் திருவடி நிழலெய்தினார்கள்.

பட்டம் ஒருவர்க்கு அந்திமத்தில் வருதலும் உண்டு, வாராதொழிதலும் உண்டு. ஏடு தேடிய இளைஞர்க்கு உணவும் கல்வியும் உரிய காலத்து உதவியது ஆதீனம். அவ்வுதவி இன்றேல் பின்வந்த பட்டத்திற்கு உரியாரும் இலராவர். புலவரைப் போற்றுவார் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கற்பார்க்குக் கற்குங்காலத்தே துணைநிற்கும் அப்பழைய அறம் நம் திருமடங்களில் என்றும் தழைக்கத் திருவருளை வழுத்துகின்றோம்.