தாயை மறவாத ராணி

இங்கிலாந்தை 44 ஆண்டுகள் ஆண்டவள் முதலாம் எலிசபெத் ராணி. 1588-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பெரிய கப்பல் படை அவளுடைய நாட்டின் மீது படையெடுத்து வந்து, தோற்றுத் திரும்பியது. நம் நாட்டுக்கு வியாபாரம் செய்ய வந்து, பிறகு நாட்டையே பிடித்துக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600-ம் ஆண்டின் கடைசி நாளில் அனுமதிப் பத்திரம் கொடுத்தவளும் இவள்தான்.

2022-ம் ஆண்டில் காலமானாரே, அவர் இரண்டாம் எலிசபெத். இவள் அவருக்கு 400 ஆண்டுகளுக்கு முந்தியவள்.

இத்தனை புகழ் பெற்ற ராணியின் மனதில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அவளுடைய தாயின் தலை வாளால் வெட்டப்பட்டது. வெட்டச் சொன்னவன் யார்? அவளைப் பெற்ற தகப்பனே!

தாய்க்காகப் பேசினால் தகப்பனைக் குற்றவாளி ஆக்க வேண்டும். தகப்பனைக் குற்றவாளி ஆக்கினால் சிம்மாசனம் ஆட்டம் காணும். இந்த நிலையில் அந்த மகள் என்ன செய்தாள்?

மகனுக்கு ஏங்கிய மன்னன்

எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி. அவனுடைய முதல் மனைவி காதரின், ஸ்பெயின் நாட்டு இளவரசி. அவளுக்குப் பிறந்த குழந்தைகளில் மேரி என்ற பெண் மட்டுமே பிழைத்தாள். ஹென்றிக்கோ ஆண் வாரிசு வேண்டும் என்ற ஏக்கம்.

காதரினுக்குத் தோழியாக அரண்மனையில் இருந்தவள் ஆன் போலின். பிரான்ஸ் நாட்டு அரண்மனையில் பல ஆண்டுகள் இருந்து பழகியவள். படித்தவள். ஆடல் பாடலில் வல்லவள். மன்னன் அவள் மீது மோகம் கொண்டான். ஆனால் ஆசைநாயகியாக இருக்க அவள் சம்மதிக்கவில்லை.

முதல் மனைவியைத் தள்ளிவைக்க ஹென்றி போப்பாண்டவரிடம் அனுமதி கேட்டான். கிடைக்கவில்லை. உடனே ரோமாபுரியின் தொடர்பையே அறுத்துக்கொண்டான். இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் செய்தான்.

1533-ம் ஆண்டு ஜனவரியில் ஆன் போலினை மணந்தான். ஜூன் 1-ந் தேதி அவளுக்கு முடிசூட்டு விழா நடந்தது. அப்போது அவள் ஆறு மாத கர்ப்பிணி.

பிறக்கப்போவது ஆண் குழந்தைதான் என்று அரண்மனையே நம்பியது. இளவரசன் பிறந்தான் என்று கடிதங்கள்கூட முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தன. செப்டம்பர் 7-ந் தேதி கிரீனிச் அரண்மனையில் குழந்தை பிறந்தது. பெண்! இளவரசன் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்து, இளவரசி என்று திருத்திக் கடிதங்களை அனுப்பினார்கள்.

அந்தப் பெண்தான் எலிசபெத்.

தாயின் கடைசிக் கவலை

அரச குடும்பத்து வழக்கப்படி, மூன்று மாதக் குழந்தையைத் தனி மாளிகைக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவாள். மகளுக்கு விதவிதமான துணிமணிகள் அனுப்புவாள். ஊதா நிறப் பட்டுத் தொப்பி வாங்கிய கணக்குகூட இன்னும் இருக்கிறது.

1536-ம் ஆண்டு ஜனவரியில் ஆன் போலினுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. சிதைந்தது ஆண் சிசு என்றார்கள். ஹென்றியின் மனம் மாறியது. ஜேன் சீமோர் என்ற வேறொரு பெண்ணின் மீது அவன் கண் விழுந்தது.

ஆபத்து நெருங்குவதை ஆன் போலின் உணர்ந்தாள். தன்னுடைய குருவான மத்தேயு பார்க்கர் என்ற பாதிரியாரை அழைத்தாள். மகளின் நலத்தைக் கவனித்துக்கொள்ளும்படி அவரிடம் வேண்டிக்கொண்டாள். அடுத்த சில நாட்களில், மே 2-ந் தேதி, அவள் கைது செய்யப்பட்டாள்.

ஐந்து ஆண்களுடன் கள்ளத்தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்த ஐவரில் ஒருவன் அவளுடைய உடன்பிறந்த சகோதரன்! மன்னனைக் கொல்லச் சதி செய்தாள் என்றும் சொன்னார்கள். இவை பொய்க் குற்றச்சாட்டுகள் என்பதே பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. விசாரணைக்குத் தலைமை வகித்தவன் அவளுடைய தாய்மாமன். அவன் வாயாலேயே மரண தண்டனை பிறந்தது.

மே 19-ந் தேதி காலையில், லண்டன் கோட்டைக்குள் தண்டனை நிறைவேறியது. அந்த நாட்டில் கோடரியால் வெட்டுவதே வழக்கம். இவளுக்கு மட்டும் கடல் கடந்து ஒரு வாள்காரனை வரவழைத்திருந்தார்கள். ஒரே வீச்சு! சவப்பெட்டிகூடத் தயாராக இல்லை. ஆயுதம் வைக்கும் மரப்பெட்டி ஒன்றில் உடலை வைத்து, கோட்டைக்குள் இருந்த தேவாலயத்தில் புதைத்தார்கள்.

பதினோராம் நாள் ஹென்றி ஜேன் சீமோரை மணந்துகொண்டான்.

துணி இல்லாத குழந்தை

அப்போது எலிசபெத்துக்கு வயது இரண்டரைக்குச் சற்று மேல். தாயின் முகம்கூட மனதில் பதியாத வயது. அவளுடைய பெற்றோரின் திருமணமே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. இளவரசிப் பட்டம் பறிபோனது. முறைகேடாகப் பிறந்தவள் என்று சட்டமே சொன்னது.

தாய் போனதும் துணிமணிகளும் நின்றுபோயின. குழந்தையை வளர்த்த பிரையன் சீமாட்டி, மந்திரி தாமஸ் குரோம்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினாள். குழந்தைக்கு மேலங்கி இல்லை, பாவாடை இல்லை, உள்ளாடை இல்லை, ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று கெஞ்சினாள். நாடாளும் மன்னனின் மகளுக்கு அந்தக் கதி!

ஹென்றியின் ஐந்தாவது மனைவி காதரின் ஹோவர்டு, ஆன் போலினுக்கு உறவுக்காரி. அவளுடைய தலையும் 1542-ம் ஆண்டில் அதே கோட்டையில் விழுந்தது. அப்போது எலிசபெத்துக்கு எட்டு வயது. விவரம் தெரிகிற வயது.

1544-ம் ஆண்டில் ஹென்றி ஒரு புதுச் சட்டம் செய்தான். மகன் எட்வர்டு, பிறகு மேரி, அதற்கும் பிறகு எலிசபெத் என்று வாரிசு வரிசை வைத்தான். சிம்மாசனத்துக்கு உரிமை கிடைத்தது. முறைகேடாகப் பிறந்தவள் என்ற பழி மட்டும் நீங்கவில்லை.

அதே கோட்டை, அதே தேதி

ஹென்றி 1547-ம் ஆண்டில் இறந்தான். அடுத்து ஆண்ட எட்வர்டு 1553-ம் ஆண்டில், 15 வயதில் இறந்தான். மேரி ராணியானாள். அவளுக்கும் ஒரு புண் இருந்தது. ஆன் போலினால் அவளுடைய தாய் காதரின் அரண்மனையை விட்டு விரட்டப்பட்டவள். கடைசிக் காலத்தில் தாயைப் பார்க்கக்கூட மேரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கோபம் ஆன் போலினின் மகள் மீது திரும்பியது.

1554-ம் ஆண்டில் மேரிக்கு எதிராக ஒரு கலகம் நடந்தது. அதில் எலிசபெத்துக்கும் பங்கு உண்டு என்று சந்தேகித்தார்கள். மார்ச் 18-ந் தேதி, தேம்ஸ் நதி வழியாகப் படகில் ஏற்றி, தாய் மாண்ட அதே கோட்டைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். அப்போது அவளுக்கு 20 வயது.

தனக்கும் அதே முடிவுதான் என்று அவள் நினைத்தாள். கோடரியால் வெட்டாமல், தாய்க்குச் செய்ததைப் போல வாளால் வெட்டும்படி அக்காளிடம் வேண்டிக்கொள்ளத் தீர்மானித்தாளாம். பிற்காலத்தில் ஒரு பிரெஞ்சுத் தூதரிடம் அவளே இதைச் சொல்லியிருக்கிறாள். தாயைப் பற்றி வாய் திறக்காத அவள், தாயின் மரணத்தை எவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருந்தாள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அவள் மீது சாட்சியம் கிடைக்கவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, கோட்டையிலிருந்து வெளியே கொண்டுபோய், வேறு ஓர் ஊரில் காவலில் வைத்தார்கள். கோட்டையை விட்டு அவள் உயிரோடு வெளியேறிய தேதி என்ன தெரியுமா? மே 19! தாயின் தலை விழுந்து சரியாக 18 ஆண்டுகள்.

வீதிக்கு வந்த தாய்

1558-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி மேரி இறந்தாள். எலிசபெத் ராணியானாள்.

மறு ஜனவரி 14-ந் தேதி, முடிசூட்டுக்கு முந்தின நாள், லண்டன் வீதிகளில் ஊர்வலம். நகர மக்கள் வழியெங்கும் அலங்காரங்கள் செய்திருந்தார்கள். ஓரிடத்தில் மூன்று அடுக்கு மேடை. கீழே ராணியின் தாத்தா, பாட்டி. உச்சியில் எலிசபெத். நடு அடுக்கில் ஹென்றி. அவன் பக்கத்தில், ராணிக்குரிய கோலத்தில், ஆன் போலின்!

23 ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய பெயர் அது. அன்று நடு வீதியில் எல்லோரும் பார்க்க நின்றது. கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எலிசபெத் அந்தக் காட்சியின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மக்களுக்கு நன்றி சொன்னாள்.

வாய் பேசவில்லை, செயல் பேசியது

மேரி பட்டத்துக்கு வந்தவுடன் செய்த காரியம், தன் தாயின் திருமணம் செல்லும் என்று பாராளுமன்றத்தில் சட்டம் செய்ததுதான். எலிசபெத்தும் அப்படிச் செய்வாள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவள் செய்யவில்லை. தாயின் வாரிசு என்ற உரிமையை மட்டும் 1559-ம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் பெற்றுக்கொண்டாள். பழைய தீர்ப்பைத் தொடவில்லை. தாய்க்குக் கல்லறை மாளிகையும் எழுப்பவில்லை.

ஏன்? வழக்கைக் கிளறினால் பழைய அவதூறுகள் எல்லாம் மறுபடியும் சந்திக்கு வரும். எதிரிகள் காத்திருந்தார்கள். அவளுக்குக் கிரீடம் கொடுத்ததோ தகப்பன் செய்த சட்டம். அந்தத் தகப்பனை மனைவியைக் கொன்ற பாவி என்று எப்படிச் சொல்வாள்?

ஆகவே அவள் வேறு வழியில் கடனைத் தீர்த்தாள்.

தாயின் கடைசி வேண்டுகோளைக் கேட்ட மத்தேயு பார்க்கரைத் தேடிப் பிடித்து, கான்டர்பரியின் பேராயர் ஆக்கினாள். திருச்சபையில் ராணிக்கு அடுத்த பெரிய பதவி அது. அவர் அதை விரும்பவில்லை. அந்தத் தாய்க்குப் பட்ட கடனுக்காகவே ஏற்றுக்கொண்டதாகப் பின்னால் எழுதினார்.

தாயின் அக்காள் தங்கை உறவில் மிஞ்சியவர்கள் இருவர்: பெரியம்மா முறையான மேரி போலினின் மகன் ஹென்றி கேரி, மகள் காதரின். கேரியை ஹன்ஸ்டன் பிரபு ஆக்கினாள். 1570-ம் ஆண்டில் வடக்கே கலகக்காரரை அவன் முறியடித்தபோது, ராணி தன் கைப்பட நன்றி எழுதினாள். காதரினைத் தன் அந்தரங்கத் தோழி ஆக்கிக்கொண்டாள். 1569-ம் ஆண்டில் அவள் இறந்தபோது ராணி துடித்துப்போனாள். தன் செலவில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தாள்.

ஆன் போலினின் சின்னம் வெள்ளை ராஜாளிப் பறவை. எலிசபெத் அதைத் தன் பொருள்களில் பொறித்துக்கொண்டாள். பியானோ போன்ற அவளுடைய இசைப்பெட்டி ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. அதில் அந்தப் பறவையைப் பார்க்கலாம்.

மோதிரத்தின் ரகசியம்

எல்லாவற்றிலும் அருமையானது ஒரு மோதிரம். 1575-ம் ஆண்டு வாக்கில் செய்தது. இன்று இங்கிலாந்துப் பிரதமரின் நாட்டுப்புற மாளிகையான செக்கர்ஸில் பாதுகாக்கப்படுகிறது. மேலே ராணியின் பெயருக்குரிய எழுத்தை வைரத்தால் பதித்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது வெறும் நகை.

ஆனால் அதற்கு ஒரு மூடி உண்டு. திறந்தால் உள்ளே இரண்டு சின்னஞ்சிறு உருவங்கள். ஒன்று எலிசபெத். மற்றொன்று ஆன் போலின் என்பதே பலரின் கருத்து. அவளுடைய மாற்றாந்தாய் காதரின் பார் என்று சொல்கிறவர்களும் உண்டு. மூடியை மூடினால் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.

1603-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, 69-வது வயதில், எலிசபெத் கண்ணை மூடினாள். மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்கிய அரியணையில், அவன் தலை வெட்டிய மனைவியின் மகள் 44 ஆண்டுகள் அமர்ந்து ஆண்டாள். தாய்க்கு அவள் தேடிக்கொடுத்த நியாயம் அதுதான்.