உப்பும் வரியும்: மூதறிஞர் இராஜாஜி

செல்வர் உண்ணும் அறுசுவை உணவிற்கும் வறியவர் பருகும் கஞ்சிக்கும் உப்பு இன்றியமையாதது. மாளிகையில் வாழ்வோர் குடிசையில் வாழ்வோரினும் பன்மடங்கு உப்பு உண்பதில்லை. ஆதலால் உப்பின்மீது விதிக்கும் வரி செல்வர்க்குத் துரும்பு, ஏழைக்கோ பெருஞ்சுமை. இவ்வரியை எதிர்த்துத் தமிழகத்தில் அறப்போர் நடத்தியவர் மூதறிஞர் இராஜாஜி ஆவார்.

அவர் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்றார். பின்னர்க் காந்தியடிகளின் வழிநின்று அத்தொழிலைத் துறந்து, நாட்டுப்பணியில் ஈடுபட்டார்.

அந்நாளில் உப்பு விளைக்கும் தொழில் ஆங்கில அரசின் பிடியில் இருந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியும் அப்பிடிக்குத் தப்பவில்லை. 1815இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, தன் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமையைப் பிரெஞ்சு அரசு ஆங்கிலேயர்க்கு அளித்தது. 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையால் புதுச்சேரி உப்பளங்களில் தொழிலே நின்றது. அரசுகள் இரண்டும் பயனுற்றன. இழந்தவர் எளிய மக்களே.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியம் நோக்கி நடந்தார். தொண்டர்க்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் அறிவித்தார். மக்கள் அஞ்சினாரல்லர், மறைவாகவும் வெளிப்படையாகவும் உணவளித்தனர். ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி உப்பை அள்ளிச் சிறை புகுந்தார். அவ்வரி 1947இல் ஒழிந்தது.

1937இல் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். அதனால் குறைந்த அரசு வருவாயை ஈடுசெய்ய, 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். இந்தியாவில் இத்தகைய பொது வரிக்கு அதுவே தொடக்கம். சிறு வணிகர்க்கு விலக்களிக்கப்பட்டது. எனினும், விற்பவர் செலுத்தும் வரி விலையோடு கலந்து, வாங்குவோரையே சென்று சேரும் அன்றோ? ஏழை தன் வருவாய் முழுவதையும் செலவிட்டே வாழ்கிறான். செல்வனோ ஒரு பகுதியைச் சேமிக்கிறான். ஆகவே வரி விகிதம் ஒன்றாயினும், சுமை ஒன்றன்று.

உப்பு வரியை எதிர்த்தவரே விற்பனை வரியை விதிக்கலாமோ என்னும் வினா எழுதல் இயல்பே. ஆனால் மதுவால் வந்த வருவாயும் பெரும்பாலும் உழைப்பாளியின் கூலியிலிருந்தே வந்தது; அது பெருகப் பெருக, அவன் வீட்டில் அடுப்பெரியாது. குடும்பத்தைக் கெடுக்கும் அவ்வருவாயினும் பலர்மீதும் பரவிய வரி தீமை குறைந்ததே. ஆயினும் ஏழையின்மீது விழும் சுமை அதனால் முற்றும் நீங்கியதன்று. அரசு நடத்தப் பொருள் வேண்டும். அப்பொருளை யாரிடமிருந்து, எதன்மீது பெறுவது என்பதே ஆள்வோர் முன் நிற்கும் அரிய வினா.

இராஜாஜி 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார். 2017இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, உப்புக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. எளியோரின் கஞ்சிக் கலயத்தை எண்ணிப் பார்த்து வரி விதிப்பதே நல்லரசின் கடமையாகும்.