அரியர் வெச்ச ஈரோட்டுப் பையன் வேலை தேடின கதை



பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சுட்டா நம்ம ஹாஸ்டல்ல ரெண்டே கட்சிதான். ஆஃபர் லெட்டர் வந்தவங்க, வராதவங்க. வந்தவங்ககிட்ட எல்லாரும் ட்ரீட் கேக்கறாங்க. வராதவங்களுக்கு ஊர்ல இருந்து போன் வருது. ஸ்டாண்டிங் அரியர் இருந்தா இன்னும் மோசம், பாதி கம்பெனிக்கு அப்ளை பண்ணவே முடியாது.

அந்த ரெண்டாவது கட்சிக்காகத்தான் இந்த மாசக் கட்டுரை. நம்ம தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா காங்கேயம் வழியா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம் ஈரோட்டுக்கு. அந்த ஊர்ல 1887 டிசம்பர் 22-ல் பிறந்தவர் சீனிவாச ராமானுஜன். 1729 டாக்ஸி நம்பர் கதையை நாம எல்லாருமே ஸ்கூல்ல கேட்டிருக்கோம். ஆனா அவர் டிகிரி இல்லாம வருஷக்கணக்கா வேலை தேடி அலைஞ்ச கதையை யாரும் பெருசா சொன்னதில்லை. இன்னிக்கு அதைப் பார்ப்போம்.

ஸ்காலர்ஷிப் போச்சு

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில் இருந்த அம்மா வழித் தாத்தா வீட்டில். தாத்தா அங்கே முன்சீப் கோர்ட்டில் அமீனாக இருந்தவர். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். வசதியான குடும்பம் இல்லை. பையன் வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் கும்பகோணத்தில்தான்.

டவுன் ஹைஸ்கூலில் அவர்தான் கணக்கில் முதல். பதினாறு வயசு வாக்கில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் உள்ள புத்தகம், பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. ஒவ்வொன்றையும் தானே வருவித்துப் பார்க்க ஆரம்பித்தார். அதோடு மற்ற பாடங்களும் அவரை விட்டுப் போய்விட்டன.

1904-ல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை, ஸ்காலர்ஷிப் போய்விட்டது. அடுத்த வருஷம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணக்கு நன்றாக வந்தது, உடலியல் போன்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. அந்த வருஷம் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. டிகிரிக்கு வழி அத்தோடு முடிந்தது.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு சப்ஜெக்ட்ல டாப்பர், மிச்சம் எல்லாத்துலயும் அரியர், டிஸ்கன்டின்யூ.

நோட்டுப் புத்தகம்தான் ரெஸ்யூம்

1909-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி ஜானகிக்கு அப்போது பத்து வயசு. அந்தக் கால வழக்கம் அப்படி. அடுத்த வருஷம் ஒரு ஆபரேஷன். செலவுக்குப் பணமில்லாததால் ஒரு டாக்டர் இலவசமாகச் செய்துகொடுத்தார். குடும்பம் என்று ஆன பிறகு சும்மா இருக்க முடியாது. டியூஷன் எடுத்துப் பார்த்தார். பையன்களுக்குப் பரீட்சைக்கு வேண்டியது ஒன்று, இவர் சொல்லிக்கொடுத்தது வேறொன்று. சிலபஸைத் தாண்டிப் போய்விடுவார். அதுவும் நிலைக்கவில்லை.

பிறகு வேலை தேடக் கிளம்பினார். கையில் மார்க் ஷீட் எதுவும் காட்டுகிற மாதிரி இல்லை. அத்தனை வருஷமாகத் தான் கண்டுபிடித்ததை எல்லாம் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கண்ட ஆபீஸ் வாசலில் எல்லாம் அவர் போய் நிற்கவில்லை. 1907-ல்தான் இந்தியக் கணிதக் கழகத்தின் முன்னோடி அமைப்பு தொடங்கியிருந்தது. தொடங்கியவர் வி. ராமசுவாமி ஐயர். அவர் பேராசிரியர் இல்லை, துணை கலெக்டர். திருக்கோவிலூரில் வேலை. ராமானுஜன் 1910-ல் அங்கே போய், அவருடைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசுவாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரை தாலுகா ஆபீஸ் மூலையில் உட்காரவைத்தால் அந்தத் திறமை அங்கேயே மங்கிப்போகும் என்று நினைத்தார். அதற்குப் பதில் சென்னையில் இருந்த பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர் போன்றவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது ஒரு ரெஃபரல். அன்றைக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்துதான் அடுத்தடுத்த கதவுகள் திறந்தன.

அந்த இன்டர்வியூ

அடுத்த முக்கியமான சந்திப்பு நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுடன், 1910 கடைசியில். ராவும் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். எதிரே வந்து நின்றவர் குள்ளமான, கசங்கின உடை போட்ட, ஷேவ் பண்ணாத இளைஞர். நோட்டில் இருந்தது முதலில் ராவுக்குப் பிடிபடவில்லை. இவர் நிஜமா, வேஷமா என்ற சந்தேகமும் இருந்தது.

ஒரே சந்திப்பில் காரியம் முடியவில்லை, திரும்பவும் போக வேண்டியிருந்தது. ராமானுஜன் இம்முறை கடினமானதை முதலில் காட்டவில்லை. எளிதான சில முடிவுகளில் ஆரம்பித்தார். புத்தகங்களில் இருப்பதைத் தாண்டிய விஷயங்கள் அவை என்று ராவுக்குப் புரிந்தது. அங்கிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகள், மீப்பெருக்குத் தொடர்கள் என்று மேலே கூட்டிப்போனார். கேட்கிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து ஆரம்பித்ததுதான் அன்றைக்குக் கை கொடுத்தது.

என்ன வேண்டும் என்று ராவ் கேட்டபோது, சோற்றுக்கவலை இல்லாமல் கணக்குப் போட வழி இருந்தால் போதும் என்கிற அளவில்தான் அவர் பதில் இருந்தது. ராவ் தன் கைப்பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார். ராமானுஜன் சென்னை திருவல்லிக்கேணியில் தங்கினார்.

சும்மா வாங்கித் தின்கிற காலமாக அதை அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. 1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார். அதில் ஒன்று, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். மூன்று இதழ் வந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. அதே வருஷம் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரையும் அந்த இதழில் வெளிவந்தது. இன்னிக்கு நாம கிட்ஹப்ல புராஜெக்ட் போட்டு வைக்கிற மாதிரின்னு வெச்சுக்கலாம். பேர் தெரிய ஆரம்பிச்சுது.

நாலு வரி விண்ணப்பம்

ஆனாலும் அடுத்தவர் பணத்தில் வாழ்வது அவருக்கு உறுத்தியது. 1912 ஆரம்பத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரங்கள்தான். அது முடிவதற்குள்ளேயே அடுத்ததுக்கு எழுதிவிட்டார்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று தெரியவந்தது. 1912 பிப்ரவரி 9 தேதியிட்டு தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் அனுப்பினார். சின்னக் கடிதம். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலையால் மேலே படிக்க முடியாமல் போனது, அதற்குப் பிறகு நேரம் முழுவதையும் கணக்கில் செலவிட்டது, இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. இவ்வளவுதான். தோல்வியை மறைக்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு பக்கம் புலம்பவும் இல்லை. கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக்கொடுத்த பரிந்துரையை இணைத்தார்.

மார்ச் 1-ல் வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நாலாம் கிரேடு. மாதம் 30 ரூபாய்.

அங்கே மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதக் கழகத்துக்காரர். மேலே தலைவராக இருந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு பொறியாளர். சாயங்காலங்களில் நாராயண ஐயரும் ராமானுஜனும் சிலேட்டில் கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நடுவில் பத்துப் படியாவது எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று நாராயண ஐயர் பிடிவாதமாகச் சொல்லி எழுதவைத்ததாக அவர் குடும்பத்தார் நினைவு. வைவாவில் ஆன்சர் தெரிந்தும் ஸ்டெப் சொல்ல முடியாமல் முழிக்கிற நமக்கு இது நல்லாவே புரியும்!

வெளிநாட்டுக்கு எழுதின கடிதங்கள்

இந்தக் கதையில் நம்ம துறைக்காரர் ஒருவரும் வருகிறார். சென்னைப் பொறியியல் கல்லூரியின் சிவில் பேராசிரியர் கிரிஃபித். 1912 கடைசியில் ராமானுஜனின் தாள்களை லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு அனுப்பிவைத்தார். ஹில்லின் பதில் முழுப் பாராட்டாக வரவில்லை. விரியும் தொடர்களைக் கையாளும்போது விழக்கூடிய குழிகளில் இந்த இளைஞர் விழுந்திருக்கிறார் என்றார், படிக்க வேண்டிய புத்தகத்தையும் சொன்னார். கேம்பிரிட்ஜில் இருந்த பேக்கர், ஹாப்சன் என்ற ரெண்டு பெரிய கணித அறிஞர்களுக்கும் கடிதம் போனது. அவர்களிடம் இருந்து எந்த உதவியும் வரவில்லை.

1913 ஜனவரி 16-ல் மூன்றாவது ஆளுக்கு எழுதினார், ஜி.எச். ஹார்டி. துறைமுகக் கழகத்தில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, சுமார் 120 தேற்றங்களை இணைத்தார். ஹார்டி அதை லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். பிப்ரவரியில் பதில் எழுதினார். ஆர்வமும் இருந்தது, நிரூபணம் அனுப்பச் சொல்லி ஒரு கறாரும் இருந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நகர்ந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது தாள்களைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவருக்கு இளங்கலையே இல்லை. விதியைத் தளர்த்தி 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்குப் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ.

உடம்பு மட்டும் தாங்கவில்லை. போர்க்கால இங்கிலாந்தின் குளிர், சரியான சைவச் சாப்பாடு கிடைக்காதது, நோய். 1919-ல் திரும்பி வந்தபோது சென்னை வெயிலுக்குப் பயந்து கொஞ்ச காலம் கொடுமுடியில் காவிரிக்கரையில் தங்கினார். நமக்கு வெள்ளகோவில், முத்தூர் தாண்டினா வர்ற அதே கொடுமுடிதான். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. கடைசி மாதங்களிலும் படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நமக்கு இதுல என்ன இருக்கு?

உண்மையைப் பேசிடலாம். அரியர் வெச்சா ராமானுஜன் ஆயிடலாம்னு இந்தக் கதை சொல்லலை. அவ்வளவு பெரிய மூளைக்கே 30 ரூபாய் வேலை கிடைக்க அத்தனை வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு பேப்பரை கிளியர் பண்ணியிருந்தா பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால அரியர் இருக்கறவங்க முதல்ல அதை எழுதி முடிங்க.

ஆனா கதவு சாத்தின பிறகு அவர் செஞ்சது நாமளும் செய்யக்கூடியதுதான். வேலைக்குன்னு போகும்போது செஞ்ச வேலையைக் கையில எடுத்துட்டுப் போனார். தன்னோட துறையைப் புரிஞ்சுக்கிற ஆள் யாருன்னு தேடி அவங்ககிட்ட போனார். வேலை இல்லைன்னு சொன்னவர்கிட்ட இருந்தும் அடுத்த ஆளோட பேரை வாங்கிட்டு வந்தார். தப்புன்னு சொன்ன பிறகும் எழுதறதை நிறுத்தலை.

இன்னொண்ணு. ராமசுவாமி ஐயர்ல இருந்து கிரிஃபித் வரைக்கும் இந்தக் கதையில வர்றவங்க தங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, அவ்வளவுதான். ஆஃபர் வாங்கிட்ட நண்பர்களே, இது உங்களுக்கு. உங்க கம்பெனில ஓப்பனிங் வந்தா, பக்கத்து ரூம்ல இன்னும் போனை எடுக்காம உட்கார்ந்திருக்கற ஆளோட ரெஸ்யூமை ஒரு தடவை வாங்கிப் பாருங்க.