குழந்தைகளின் தப்பான பதிலில் என்ன இருக்கு? யார் இந்த ஜீன் பியாஜே?

சுவிட்சர்லாந்தில் 1896-ல் பிறந்த பியாஜே, நத்தை, சிப்பி வகை உயிரினங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு பாரிஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வு வைக்கும் வேலை. அங்கே ஒரு வயசுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி தப்பு செய்தார்கள். மார்க்கை விட்டுவிட்டு அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டார்.

தன் 3 குழந்தைகளையே கவனித்து எழுதினார். பொம்மையைத் துணியால் மூடினால் சில மாதக் குழந்தை தேடாது. அகல கிளாஸ் தண்ணீரை ஒல்லியான கிளாஸுக்கு மாற்றினால், 4 வயசுப் பிள்ளை தண்ணீர் கூடிடுச்சு என்று சாதிக்கும். மக்கு இல்லீங்க, அந்த வயசு யோசனையே அப்படித்தான் என்றார் பியாஜே.

வயசு வரம்பில் சறுக்கினார். கைக்குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமே விஷயம் புரிகிறது எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. 1980-ல் ஜெனீவாவில் காலமானார், வயது 84.