நள்ளிரவு மணி

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் சபரிமலை செல்வோர் கூட்டம் ஓய்வதில்லை. அவர்களுக்காக வழிநெடுக அன்னதானப் பந்தல்கள் எழும். பேரும் ஊரும் கேளாமல் இலை போடும் அப்பந்தல்கள், தை பிறந்ததும் பிரிக்கப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும், இரவு பகல் பாராமல் வழிப்போக்கரைப் பேணுவது இதனினும் அரிய பணி. அதற்கு அன்பு மட்டும் போதாது. விளைநிலமும் களஞ்சியமும் கணக்கும் பணியாளரும் வேண்டும். தம் நாட்டை இழந்த நிலையிலும் அத்தகைய அறத்தை இழக்க மறுத்தவர், தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி.

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். மன்னர் துளஜாஜிக்கு வாரிசு இல்லாமையால், 1787இல் அவர் இச்சிறுவரைத் தத்தெடுத்தார், அவ்வாண்டே மறைந்தார். அரியணை துளஜாஜியின் தம்பி அமர்சிங்கின் கைக்குப் போயிற்று. அரண்மனையில் இளையவரின் வாழ்வு இடர் மிகுந்ததாக இருந்தது. செருமானியச் சமயத் தொண்டரான சுவார்ட்சு பாதிரியார் அவருக்குக் காவலராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். பின்னர்ச் சென்னையில் தங்கிக் கற்ற சரபோஜி, 1798இல் முடிசூடினார். தம்மை வளர்த்தெடுத்த ஆசிரியர் அதற்குச் சில திங்கள் முன்னரே மறைந்துவிட்டார்.

முடிசூடி ஓராண்டு கடந்த நிலையில், 1799 அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு உரியவையாயின. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அவர் அதிகாரத்தில் எஞ்சின. அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு.

ஆட்சியோடு சத்திரங்களும் போய்விடுமோ என்னும் கவலை மன்னரைப் பற்றியது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் அவர்தம் முன்னோர் சத்திரங்கள் பலவற்றை நிறுவியிருந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை அரசகுலப் பெண்டிரின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. காசியிலிருந்தும் தில்லியிலிருந்தும் புனேயிலிருந்தும் கால்நடையாய் வருவோர்க்கு, மொழி தெரியாத மண்ணில் அவையே தாய்வீடு. சத்திரங்களுக்கென விடப்பட்ட நிலங்களின் விளைச்சலே அவற்றின் உயிர்நாடி. அந்நிலங்கள் கம்பெனியின் வரிக்கணக்கில் சேர்ந்துவிட்டால் அடுப்புகள் அணைந்துபோகும்.

1801 சனவரியில், தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி ஒரு மடல் விடுத்தார். சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு கேட்பது அதன் நோக்கம். அது வெறும் வேண்டுகோளாக அமையவில்லை. சத்திரம் எவ்வாறு இயங்கியது என்பதை ஒரு தேர்ந்த நிருவாகிக்கே உரிய நுணுக்கத்தோடு அது விளக்கியது.

வருவோர் எக்குலத்தவராயினும், எச்சமயப் பிரிவைச் சேர்ந்த துறவியராயினும், அனைவர்க்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளந்து தரப்படும். உணவு வழங்கல் நள்ளிரவு வரை தொடரும். நள்ளிரவில் ஒரு மணி ஒலிக்கும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்ணுமாறு அறிவிக்கப்படும். பசித்தவர் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல், பசித்தவரைத் தேடிச் சென்று அழைத்த மணி அது. தாமதமாய் வந்து திண்ணையில் துவண்டு கிடந்த ஒருவருக்கு அவ்வொலி எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சோறு மட்டுமே விருந்தோம்பல் என்று சரபோஜி கருதவில்லை. பயணத்தைத் தொடர இயலாதவர், தங்கும் நாள்வரை உணவு பெற்றனர். நோயுற்றவர்க்கு மருந்தும் அதற்கேற்ற பத்திய உணவும் உண்டு. குணமாகும் வரை மதிப்போடு பேணப்படுவர். பிணி, வீக்கம், நச்சுக்கடி ஆகியவற்றுக்கு மருத்துவம் செய்வோர் சத்திரத்திலேயே இருந்தனர். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. கருவுற்ற பெண் அங்கே மகப்பேறு அடைந்தால் செலவைச் சத்திரம் ஏற்கும். அதன்பின் மூன்று திங்கள் அவர் அங்கே தங்கலாம். அயலூரார் விட்டுச்சென்ற ஆதரவற்ற பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டனர். அவர்களுக்கு நாளும் மூன்று வேளை உணவு, உடை, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய கல்வி, கற்று முடித்தபின் திருமணச் செலவு. வழியிலே உயிர் நீத்தவர்க்கு அவரவர் மரபுப்படி இறுதிக்கடன் செய்யப்பட்டது.

விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் ஏற்பட்ட பற்றாக்குறையை அரசக் கருவூலமே ஈடுசெய்தது. இவ்வறங்களால் தஞ்சை பெற்ற தரும நாடு என்னும் பெயரையே தம் பதவிக்குரிய உயர்ந்த சிறப்பாகக் கொள்வதாக அம்மடலில் மன்னர் தெரிவித்தார். படையும் வரியும் போனபின் ஓர் அரசர் இவ்வாறு எழுதுவது, ஆற்றாமையில் பிறந்த சொல்லாகவும் தோன்றலாம். ஆனால் அவர்தம் பிற்கால வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. கம்பெனி அவர் வேண்டுகோளை ஏற்றது. சத்திரங்கள் அவர் கையில் நின்றன.

கிடைத்ததைக் காத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தம் அன்புக்குரிய முத்தாம்பாள், தம் பெயரால் ஒரு சத்திரம் அமைய வேண்டும் என இறக்கும் தறுவாயில் வேண்டினார் என்பர். அவ்வாறு ஒரத்தநாட்டில் எழுந்ததே முத்தாம்பாள் சத்திரம். அங்கு உணவுக்கூடத்தோடு ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளும் இயங்கின. நாட்டு மொழிகளோடு ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது.

புதுமையை நாடும் அவருடைய மனம் மடைப்பள்ளியையும் விட்டுவைக்கவில்லை. அவர் அவையில் உருவான சரபேந்திர பாக சாத்திரம் என்னும் மராத்தி நூல், உள்நாட்டுச் சமையலோடு ஆங்கிலேயர் உணவுமுறையையும் பதிவு செய்தது. விருந்தினரின் நாவறிந்து பரிமாற விரும்பிய அரண்மனைக்கு அது தேவையான நூலே. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்ததும், தன்வந்திரி மகாலில் கண் மருத்துவம் உள்ளிட்ட சிகிச்சைகளை நடத்தி நோயாளர் குறிப்புகளைப் பேணியதும் பலரும் அறிந்தவை.

1820இல் அவரே வழிப்போக்கரானார். பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1822இல் தஞ்சை திரும்பினார். வடக்கிலிருந்து தம் சத்திரங்களை நாடி வந்தோர் எத்துணைத் தொலைவு நடந்திருந்தனர் என்பதை அப்பயணம் அவருக்குக் காட்டியிருக்கும். 1826இல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலேயப் பேராயர் ஈபர், மன்னரின் கல்வியையும் பண்பையும் கண்டு வியந்தார்.

1832 மார்ச் 7ஆம் நாள் சரபோஜி மறைந்தார். பின்னாளில் சத்திரங்கள் ஆங்கிலேய அரசின் நிருவாகத்திற்கும், பிறகு மாவட்டக் கழகத்தின் பொறுப்பிற்கும் மாறின. இருப்பு வண்டி வந்தபின் நடைப்பயணியர் குறைந்தனர். சத்திரத்துக் கல்விப் பயனும் காலப்போக்கில் ஒரு சமூகத்தார்க்கே உரியதாகச் சுருங்கியது. 1920களில் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் இருந்த மாணவர் விடுதிகளின் கதவுகளைப் பிற சமூக மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். சரபோஜி முத்தாம்பாளின் பெயரால் அமைத்த சத்திரத்தில், அதன்பின் ஊர்ப்புறத்து ஏழை மாணவர்கள் உண்டு உறங்கிப் படித்தனர்.